சுவருக்கு அப்பாலும் சொல் கேட்க வேண்டும்

பேரா மாநிலத்தின் பழைய தோட்டப்புறச் சாலைகளில் செல்வோர், எண்ணெய்ப்பனைக் காட்டின் நடுவே தனித்து நிற்கும் சிற்றாலயங்களைக் காண்பர். சில மாரியம்மன் கோவில்கள். சில முனியாண்டி கோவில்கள். சில, கூரையின் முகட்டில் சிலுவை தாங்கிய கிறித்தவ ஆலயங்கள். லயத்தில் வாழ்ந்த மக்கள் தம் உழைப்பையும் பொருளையும் கொடுத்து எழுப்பிய இவை, ஐம்பது அறுபது பேர் அமர்வதற்குரிய அளவினவே. கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளோடு தொடங்கிய வரலாறு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு திசையில் திரும்பியது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் மரம் வீழ்ந்த இடத்தில் எண்ணெய்ப்பனை எழுந்தது. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர்.

குடிபெயர்ந்தவர் தம் ஆலயத்தை மறந்தாரல்லர். ஆண்டுத் திருநாளன்று பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருகின்றனர். அறுபது பேருக்கு அமைந்த கட்டடத்தின் முன் அறுநூறு பேர் திரண்டால் என் செய்வது? முற்றத்தில் பந்தல் போடுகின்றனர். பக்கத்தில் பள்ளிக் கூடமோ சமூக மண்டபமோ இருந்தால் அதனையும் திறந்துவிடுகின்றனர். நகரத்து ஆலயங்களின் நிலையும் இதனின் வேறன்று. தமிழ்க் கத்தோலிக்கர் வழிவழியாக வழிபட்டு வரும் ஈப்போ சிலிபின் லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களுக்குப் பெரிய வெள்ளியும், உயிர்ப்புப் பெருவிழாவும், கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவும் மற்ற நாட்களைப் போன்றவை அல்ல.

உள்ளே இடம் பெற்றவர் வழிபாட்டைக் காண்கின்றனர். புறத்தே அமர்ந்தவர் பெறுவது யாது? முன்னிருப்பவரின் முதுகும், தொலைவிலிருந்து வரும் ஓர் இரைச்சலுமே. நெடுந்தூரம் பேருந்தில் வந்த மூதாட்டி ஒருத்தி, மறையுரையில் ஒரு சொல்லும் விளங்காமல் வீடு திரும்புவாளாயின், அவள் வந்தது மெய், வழிபட்டது மெய், கேட்டது மட்டும் இல்லை. இக்குறையை நீக்குவதற்குரிய வழிகள் இன்று எளியவை. ஆயினும் அவற்றை முறை அறிந்து செய்யாவிடில், பொருள் செலவாகும்; பயன் விளையாது. ஒலியையும் காட்சியையும் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

பழங்காலத்து வழிகள்

இச்சிக்கல் புதியதன்று. இலத்தீன் மொழியில் குருவானவர் பீடத்தை நோக்கி நின்று தாழ்ந்த குரலில் திருப்பலி நிறைவேற்றிய காலத்தில், தொலைவில் நிற்பவர்க்கு உதவியது சிறு மணியே. நற்கருணை உயர்த்தப்படும்போது மணி ஒலிக்கும்; காண இயலாதவரும் தலை வணங்குவர். பெரிய பள்ளிவாசல்களில் இமாமின் தக்பீர் பின்வரிசையினர்க்கு எட்டாது ஆதலின், முபல்லிக் எனப்படுபவர் இடையில் நின்று அதனை உரத்துச் சொல்லும் வழக்கம் இருந்து வந்துள்ளது. ஆட்களே ஒலிபெருக்கிகளாக விளங்கிய காலம் அது.

மனிதக் குரல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை 1739ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் அளந்து பார்த்தார். பிலடெல்பியா நகரத் தெருவில் ஜார்ஜ் ஒயிட்பீல்டு என்னும் பெருஞ்சொற்பொழிவாளர் பேசிக் கொண்டிருக்கையில், குரல் மங்கும்வரை பின்னோக்கி நடந்து சென்று, திறந்தவெளியில் முப்பதாயிரம் பேருக்கு மேல் அக்குரலைக் கேட்கலாம் எனக் கணக்கிட்டார். அஃது அரிய குரல். எல்லாக் குருமாரிடத்தும் அதனை எதிர்பார்த்தல் ஆகாது.

பின்னர் மின்சாரம் துணைக்கு வந்தது. 1881இல் பாரிசில் கிளெமென்ட் ஆடேர் என்பவர், நாடக அரங்கின் இசையைத் தொலைபேசிக் கம்பி வழியாக வேறொரு கட்டடத்திற்குக் கொண்டு சென்று காட்டினார். 1895இல் இலண்டனில் தோன்றிய எலெக்ட்ரோபோன் என்னும் அமைப்பு, நாடகங்களோடு தேவாலய வழிபாடுகளையும் கம்பி வழியே வீடுகளுக்கு வழங்கிற்று. 1915இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பெருந்திரளான மக்கள்முன் ஒலிபெருக்கி இயக்கப்பட்டது. நம் பகுதியிலும் 1949 முதல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரெடிபியூஷன் நிறுவனம் கம்பி வழி வானொலியை நடத்திற்று. ஓரிடத்தில் எழும் ஒலியைக் கம்பியில் ஏற்றிப் பல பெட்டிகளுக்குப் பகிர்ந்தளித்தலே அதன் முறை. இன்று ஆலயத்திலிருந்து பந்தலுக்குச் செய்யப்படுவதும் அடிப்படையில் அதுவே.

சமய உலகில் நிகழ்ந்த ஒரு மாற்றமும் இங்கு நினைக்கத்தக்கது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டினை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து திருப்பலி அவரவர் தாய்மொழியில் நிகழ்வதாயிற்று. மணி ஒலி கேட்டால் போதும் என்றிருந்த நிலை மாறி, தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் காதில் விழ வேண்டிய தேவை பிறந்தது. தாய்மொழி ஆலயத்துள் நுழைந்தபின், அதனை வாசலோடு நிறுத்திவிடுதல் முறையாகாது.

ஒலியே முதல்

வெளி மண்டபத்திற்கு ஏற்பாடு செய்வோர் பெரும்பாலும் முதலில் நாடுவது பெரிய திரையையே. இது முறை பிறழ்ந்த செயல். படம் நின்று ஒலி மட்டும் வந்தால் மக்கள் கண்மூடி வழிபாட்டைத் தொடர்வர். ஒலி நின்று படம் மட்டும் வந்தால் ஐந்து நிமிடங்களில் பேச்சு எழும். குழந்தைகள் எழுந்து ஓடும். ஆகவே கையிற் பொருள் குறைவாயின் அதனை ஒலிக்கே செலவிடல் வேண்டும். திரை அடுத்த ஆண்டு வரலாம்.

ஒலியை எங்கிருந்து எடுப்பது? உள்ளிருக்கும் ஒலிபெருக்கியின் முன் வேறொரு மைக்கை நிறுத்தி எடுத்தல் கூடாது. அவ்வாறு செய்தால் கட்டடத்தின் எதிரொலி முழுவதும் குரலோடு சேர்ந்து செல்லும். மைக்குகள் யாவும் வந்து சேரும் கலவைக் கருவியாகிய மிக்சரிலிருந்து தனிக் கம்பி எடுத்தலே நேரிய வழி. அதிலும், உள்மண்டபத்திற்குச் செல்லும் அதே கலவையை வெளியே அனுப்புதல் போதாது. காரணம் வெளிப்படை. உள்ளே பாடகர் குழுவின் குரல் மைக் இன்றியே பெரும்பாலும் கேட்கும். ஆர்மோனியமும் தபேலாவும் கேட்கும். ஆதலின் அவற்றுக்கு மிக்சரில் சிறிதளவே இடம் தரப்பட்டிருக்கும். அக்கலவை வெளியே சென்றால், குருவானவரின் குரல் இடியாகவும் பாடல் முணுமுணுப்பாகவும் ஒலிக்கும். இதற்கெனவே மிக்சர்களில் துணை வெளியீடு ஒன்று உண்டு. அதன்வழி வெளியே செல்லும் கலவையை, உள்கலவையைத் தொடாமல், தனியே அமைத்துக் கொள்ளலாம்.

இன்னும் ஒன்று பலராலும் மறக்கப்படுவது. வழிபாடு என்பது ஒருவர் பேசிப் பலர் கேட்கும் சொற்பொழிவன்று. குருவானவர் ஒன்று சொல்ல, மக்கள் மறுமொழி சொல்கின்றனர். அம்மக்களின் முன் மைக் இல்லை. வெளியே இருப்பவர்க்கு அழைப்புக் கேட்கின்றது, மறுமொழி கேட்கவில்லை. தாமே தனியராய்ச் சொல்கின்றனர்; சிலர் தயங்கி வாயடைத்து இருந்துவிடுகின்றனர். உள்மண்டபத்தில் மக்களை நோக்கி ஒன்றிரண்டு மைக்குகளை உயரத்தில் அமைத்து, அவற்றின் ஒலியை வெளியே மட்டும் அனுப்பினால் இக்குறை தீரும். அப்போதுதான் பந்தலில் இருப்பவர் சபையினுள் ஒருவராகத் தம்மை உணர்வர்.

மாத்திரையும் எதிரொலியும்

தமிழாசிரியர்க்கு இப்பகுதி சிறப்பாக இன்பம் பயக்கும். கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியர் வகுத்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. பொருள் வேறுபாடு இக்கால அளவிலேயே நிற்கின்றது. ‘கல்’ என்பதும் ‘கால்’ என்பதும் கால நீட்டத்தாலேயே வேறாகின்றன. எதிரொலி மிகுந்த மண்டபத்தில் ஓர் எழுத்தின் ஒலி அடங்குவதற்குள் அடுத்தது பிறந்துவிடுகின்றது. குறில் நெடில்போல் நீள்கின்றது. வலிமை குறைந்த மெய்யொலிகளை முந்தைய உயிரொலியின் எச்சம் மூடிவிடுகின்றது. ‘பலி’ என்பதும் ‘பழி’ என்பதும் ஒன்றுபோல் கேட்குமாயின், திருப்பலியில் அமர்ந்திருப்பவர் என்ன எண்ணுவார்?

இத்தகைய இடத்தில் ஒலியைக் கூட்டினால் தெளிவு பிறக்கும் என்பது தவறான எண்ணம். ஒலி கூடினால் எதிரொலியும் உடன் கூடும். கேட்போர்க்கு அருகில் ஒலிபெருக்கியைக் கொண்டு செல்வதே மருந்து. திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே ஒரு மூலையில் பெருங்கூம்பு ஒன்றைக் கட்டி அலறவிடுவதினும், பந்தலின் நெடுகிலும் நான்கு சிறு ஒலிபெருக்கிகளை வைத்து அளவாக ஒலிக்கச் செய்தல் நன்று. பிற்பகலில் மழை கொட்டும் பேராவில், தகரக் கூரையின்மீது விழும் மழையோடு போட்டியிட ஒரு கூம்பினால் ஆகாது. அருகிலிருக்கும் சிறு பெட்டி ஓரளவேனும் வெல்லும்.

ஒலிபெருக்கிகள் பலவானால் வேறொரு சிக்கல் எழும். மின்சாரம் கம்பியில் கணப்பொழுதில் செல்கின்றது. ஒலியோ நம் நாட்டு வெப்பத்தில் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டரே செல்கின்றது. ஆலயத்தின் ஒலிபெருக்கியிலிருந்து 35 மீட்டர் தொலைவில் பந்தல் இருப்பதாகக் கொள்க. பந்தலின் பெட்டி முதலில் ஒலிக்கும். ஆலயத்தின் ஒலி பத்தில் ஒரு நொடி கழிந்து வந்து சேரும். ஒருவர் நொடிக்கு ஐந்து எழுத்தசைகள் பேசுவாராயின், இஃது அரை அசையளவு பிந்துதல். ஒரே சொல் இருமுறை கேட்டு இரண்டும் விளங்காமற் போகும்.

பந்தலின் பெட்டியை அதே அளவு காலம் தாழ்த்தி ஒலிக்கச் செய்தால் இக்குழப்பம் நீங்கும். இன்றைய மிக்சர்கள் பலவற்றில் இதற்கான வசதி உள்ளேயே அமைந்துள்ளது. கணக்கும் எளிது: தொலைவை மீட்டரில் அளந்து 350ஆல் வகுத்தால் நொடி கிடைக்கும். அதனோடு நூறில் ஒன்று அல்லது இரண்டு நொடி கூட்டி வைத்தல் சிறப்பு. இரு திசைகளிலிருந்து ஒரே ஒலி சிறிது முன்பின்னாக வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே யாவும் வருவதாகச் செவி கொள்ளும் என்பதனை ஜெர்மானியராகிய ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து காட்டினார். எனவே அவ்வாறு தாழ்த்தி வைத்தால், பந்தலில் அமர்ந்தவர்க்குக் குரல் பீடத்திலிருந்தே வருவதுபோல் தோன்றும்.

கம்பியும் தொலைவும்

ஒலிக்கம்பி நீளும்தோறும் இரைச்சல் புகும். வீட்டு வானொலிக்குப் பயன்படும் இருமுனைக் கம்பியை ஐம்பது மீட்டர் இழுத்தால், மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ என்னும் முனகல் குரலோடு சேர்ந்து வரும். மைக் கம்பிகளில் உள்ளதுபோல் இரு கடத்திகளும் ஒரு காப்புறையும் கொண்ட கம்பியில், ஒலி ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் செல்லும். வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரேவாறு ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் நீங்கி ஒலி இரட்டித்து நிற்கும். இரு கட்டடங்களுக்கும் மின்னிணைப்பு வேறுவேறாயின், இடையே தனிப்படுத்தும் மின்மாற்றி ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். அன்றேல் முனகல் நீங்காது.

பல பெட்டிகளுக்கு நெடுந்தொலைவு ஆற்றல் அனுப்ப வேண்டுமாயின் 100 வோல்ட் முறை ஏற்றது. 1930 முதல் பேரா ஆற்றின் செண்டரோ அணையில் பிறக்கும் மின்சாரம், மின்னழுத்தம் உயர்த்தப்பட்டே தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்கின்றது. அழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறையும். கம்பியில் வீணாவதும் குறையும். அதே அறிவு இங்கும் பயன்படுகின்றது.

காட்சிக்கு வருவோம். தொலைக்காட்சிப் பெட்டிகளில் காணப்படும் எச்டிஎம்ஐ கம்பி பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. படம் மின்னி மறையும். அல்லது அறவே வாராது. ஒளிபரப்பு நிலையங்கள் கையாளும் எஸ்டிஐ கம்பி ஏறக்குறைய நூறு மீட்டர் செல்லும். கணினிக்கான ஈதர்நெட் கம்பியின் இரு முனைகளிலும் மாற்றுக் கருவி வைத்தாலும் நூறு மீட்டர் வரை அனுப்பலாம். அதற்கும் அப்பாற் செல்ல ஒளியிழை உண்டு. அது கிலோமீட்டர்க் கணக்கில் செல்லும். அதற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இடி மின்னல் மிகுந்த இந்நாட்டில், கட்டடத்திற்குக் கட்டடம் செல்லும் செம்புக் கம்பி மின்னல் அதிர்வை உள்ளே கொண்டுவந்து கருவிகளைக் கருக்கிவிடக்கூடும். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது.

உதடும் ஒலியும்

படம் செல்லும் வழியில் சிறிது பிந்துகின்றது. படப்பிடிப்புக் கருவி, மாற்றுக் கருவி, திரை ஆகிய ஒவ்வொன்றும் ஓரிரு படச்சட்டங்களின் காலத்தை எடுத்துக் கொள்ளும். நொடிக்கு 25 சட்டங்கள் என்றால் ஒரு சட்டம் 40 மில்லி நொடி. மூன்று கருவிகளைக் கடந்தால் பத்தில் ஒரு நொடிக்கு மேலாகும். நேர்க்கம்பியில் வரும் ஒலியோ முன்பே வந்துவிடும். இயற்கையில் ஒளியே ஒலிக்கு முந்தும். மின்னலுக்குப் பின்னரே இடி. ஆகையால் ஒலி முந்தினால் மனம் விரைவில் உறுத்தும். பிந்தினால் ஓரளவு பொறுத்துக் கொள்ளும். ஒலி 45 மில்லி நொடி முந்தினாலும், 125 மில்லி நொடி பிந்தினாலும் காண்போர் உணரத் தொடங்குவர் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை வரையறுக்கின்றது. ஆதலால் திரையுள்ள மண்டபத்தில் ஒலியைப் படத்திற்கேற்பத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். உள்ளே ஒருவர் கைதட்ட, மற்றொருவர் திரையின்முன் நின்று பார்த்து ஒலியைச் சரி செய்யலாம்.

திரையில் எதனைக் காட்டுவது என்பதும் எண்ணத்தக்கது. பீடத்தையும் வாசக மேடையையும் நோக்கி அசையாது நிற்கும் ஒரு கருவியே பெரும்பாலும் போதும். அடிக்கடி காட்சியை மாற்றினால் வழிபாடு திரைப்படமாகிவிடும். பாடல் வரிகளைத் தமிழில் பெரிய எழுத்தாகக் காட்டினால் முதியோரும் பாடுவர். தமிழ் படிக்கும் சிறுவரும் எழுத்துக் கூட்டிப் பாடுவர்.

இணையம் ஏன் ஏற்றதன்று?

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 12இல் வந்த உயிர்ப்புப் பெருவிழாவை மக்கள் வீட்டிலிருந்தே கொண்டாடினர். கைப்பேசியின் சிறு திரைதான் அன்று ஆலயம். அப்பழக்கத்தால், பக்கத்து மண்டபத்திற்கும் யூடியூப் வழியே அனுப்பிவிடலாம் எனச் சிலர் கருதுவர். தொலைவில் படுத்திருக்கும் நோயாளிக்கு அஃது அருமருந்து. பக்கத்து மண்டபத்திற்கோ ஒவ்வாதது. இணையத்தில் ஏறிய படம் உலகைச் சுற்றித் திரும்பப் பல நொடிகள் ஆகின்றன. சில வேளைகளில் அரை நிமிடமும் ஆகும். சுவருக்கு அப்பால் மக்கள் முழந்தாளிடும் ஓசை கேட்கும். திரையில் அவர்கள் இன்னும் நின்று கொண்டிருப்பர். ஒரே பாடல் சுவர் வழியே ஒருமுறையும் திரை வழியே மறுமுறையும் கேட்கும். தோட்டப்புறத்தில் இணையம் இடையில் நின்றுபோவதும் உண்டு. அடுத்த கட்டடத்திற்கு நேர்க்கம்பியே தக்கது.

அங்கு அமர்பவர் யார்?

கருவிகள் யாவும் செம்மையாக அமைந்த பின்னும் ஒரு வினா எஞ்சுகின்றது. பந்தலில் அமர்பவர் யார்? மகிழுந்து உடையவர் முன்னரே வந்து உள்ளே இடம் பிடிப்பர். பேருந்தில் வருபவரும், கைக்குழந்தையோடு வருபவரும், நடை தளர்ந்தவரும் பிந்தி வந்து வெளியே அமர்வர். தெளிவாகக் கேட்க வேண்டிய தேவை மிகுந்தவர்க்கே தெளிவு குறைந்த இடம் கிடைக்கின்றது. ஆகையால் முதியோர்க்கு உள்ளே சில வரிசைகளை ஒதுக்குதல் நலம். நற்கருணை வழங்குவோரும் காணிக்கை எடுப்போரும் உள்ளே முடித்த பின்னர்ப் பந்தலுக்கு வராமல், இரண்டிடத்தும் ஒரே வேளையில் தொடங்குதல் வேண்டும். மறையுரை ஆற்றுபவர் வெளியே இருப்போரையும் ஒருமுறை விளித்துப் பேசினால், அவர்தம் உள்ளம் குளிரும்.

இவை கிறித்தவ ஆலயத்திற்கு மட்டும் உரியன அல்ல. தைப்பூச நாளில் ஈப்போ கல்லுமலை அடிவாரத்தில் நெருக்கும் கூட்டத்திற்கும், குடமுழுக்கு விழாவிற்கும், பெற்றோர் மண்டபத்திற்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவிற்கும் இவை பொருந்தும்.

முடிவாகச் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. அதற்குப் பொருட்செலவு இல்லை. விழாவிற்கு முதல்நாள் மாலை, ஏற்பாட்டாளருள் ஒருவர் பந்தலின் கடைசி நாற்காலியில் சென்று அமர்தல் வேண்டும். உள்ளே ஒருவர் நற்செய்தியின் ஒரு பகுதியை இயல்பான குரலில் படிக்கட்டும். அமர்ந்தவர் கேட்டதை ஒரு தாளில் எழுதட்டும். எழுதிய தாளையும் படித்த ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எத்தனை சொல் சுவரைக் கடந்தது, எத்தனை சொல் வழியில் வீழ்ந்தது என்பது விளங்கிவிடும். வீழ்ந்த சொற்கள் மிகுதியாயின், விழாவிற்கு முன் அவற்றைத் தேடி எடுக்க ஓர் இரவு எஞ்சியிருக்கின்றது.